நேராக்கிய சுவர்

ஊசி என்று அவளுக்குப் பேர் வைத்தது புகைப்படக் குழுவில் இருந்தவர்கள்தான். அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை ஏழு மணியிலிருந்து வந்தவர் போனவர் கையிலெல்லாம் ஊசி குத்துவதுதான் பிழைப்பு. அங்கே அவள் குத்தினால் யாருக்கும் வலிக்காது. குழந்தைகள்கூட "முடிஞ்சிருச்சா?" என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் அழலாமா வேண்டாமா என்று யோசிக்கும். வலிக்கிற குத்தெல்லாம் சாப்பாட்டு இடைவேளையில், கைபேசியில், குழுவில் இருப்பவர்களுக்கு.

அந்தக் குழுவை ஆரம்பித்தவர் ஒரு பஸ் டிரைவர். ஒரே நகரத்தில் பொழுதுபோக்காகப் படம் எடுக்கிற நாற்பது பேர் அதில் இருந்தார்கள். யார் எதைப் போட்டாலும் "சூப்பர்", "வேற லெவல்", ஒரு பூ, நாலு கைதட்டல். தலை வெட்டுப்பட்ட ஆளைப் போட்டாலும் சூப்பர்தான், தலை மட்டும் இருந்தாலும் சூப்பர்தான். பார்த்துப் பார்த்து எரிச்சலாகி, மூன்று வருஷத்துக்கு முன்பு அவள் ஒரு விதி கொண்டுவந்தாள். எந்தப் படத்துக்கும் மூன்று வரி எழுத வேண்டும். முதல் வரி, கண் முதலில் எங்கே போகிறது. இரண்டாவது, எது உறுத்துகிறது. மூன்றாவது, நான் எடுத்திருந்தால் என்ன செய்திருப்பேன். பூவும் கைதட்டலும் போட்டால் டிரைவர் அழித்துவிடுவார்.

இன்னொரு விதியும் உண்டு. பேச்சு படத்தைப் பற்றி இருக்க வேண்டும், ஆளைப் பற்றி இருக்கக் கூடாது. யார், எந்தத் தெரு, என்ன நம்பர் என்று கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. எவனோ ஒருத்தன் படத்தில் தெரிந்த கதவின் நிறத்தை வைத்து ஒரு பெண்ணின் வீட்டு வாசலில் வந்து நின்ற பிறகு போட்ட விதி அது. நல்ல விதிகள்தான், நான் குறை சொல்லவில்லை. ஆறே மாதத்தில் எல்லோருடைய படமும் தேறிவிட்டது. அவளுக்கு அதில் நியாயமான கர்வமும் இருந்தது.

நான்கு மாதத்துக்கு முன்பு குழுவுக்குப் புதிதாக ஒருவர் வந்தார். லாண்டரி கடைக்காரர். அதனால் அவருக்கு இஸ்திரி என்று பேர் விழுந்தது. விலை குறைந்த கைபேசிதான், ஆனால் ஆவிக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் எதையாவது கண்டுபிடித்து எடுத்துவிடுவார். சொன்ன பேச்சைத் தட்டாத மனுஷன். இருட்டாக இருக்கிறது என்றால் மறுநாள் வெளிச்சமாக வரும். கடைக்குள் எடுத்த அவருடைய முதல் படத்தில், ஓரமாக, இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் மேலிருந்து கீழே ஒரு கருப்புக் கோடு இருந்தது. "அந்தக் கோடு கண்ணை இழுக்குது, ஓரத்தை வெட்டிடுங்க" என்று எழுதினாள் ஊசி. அரை மணி நேரத்தில் வெட்டிவிட்டு நன்றியும் சொன்னார்.

மூன்று வாரத்துக்கு முன்பு அவர் தன் மனைவியை எடுத்துப் போட்டார். கடையின் பின்னறை. மேஜைமேல் மலைமாதிரி வெள்ளை விரிப்புகள். அந்தம்மா ஒரு விரிப்பை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்து மடிக்கிறார். மேலே வயரில் தொங்கும் பல்பு, பக்கத்தில் துணிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டில், ஜன்னலிலிருந்து வரும் வெயிலில் ஆவி. குழுவே ஒரு நிமிஷம் வாயடைத்துப் போனது என்று சொல்லலாம். அப்புறம் வாயைத் திறந்தது.

டிரைவர் எழுதினார்: "அவங்க பார்வை படத்தை விட்டு மேல எங்கேயோ போகுது. துணியைப் பார்க்கச் சொல்லி எடுத்திருக்கலாம்." ஊசி எழுதினாள்: "இடது பக்கச் சுவர் சாய்ஞ்சிருக்கு. கேமராவை நேரா பிடிக்கலை. நேராக்கிப் போடுங்க, அண்ணா." அதற்குப் பிறகு வந்த எட்டுப் பேரும் ஊசி சொன்னதையே வேறு வேறு வார்த்தையில் சொன்னார்கள். இஸ்திரி படத்தை லேசாகத் திருப்பி, சுவரை நிமிர்த்தி, மறுபடி போட்டார். அந்த வாரத்தின் சிறந்த படம் அதுதான்.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, மத்தியானம் ஒன்றரை மணி. கூடத்தில் கூட்டம் வடிந்திருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு விமர்சனம் என்றால் என்ன என்று காட்ட ஒரு மாதிரி தயாரிக்கலாமென்று, கூடத்துக் கணினியில் அந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். முன்பு, பின்பு. 'பாருங்கள், ஒரு சின்னத் திருத்தம் எப்படிப் படத்தைக் காப்பாற்றுகிறது' என்று தட்டச்சு செய்துகொண்டிருந்தவளின் விரல் பாதியில் நின்றது.

நேராக்கிய படத்தில் பல்பின் வயர் சாய்ந்திருந்தது.

காற்றாக இருக்கும் என்று நினைத்தாள். பழைய படத்தைப் பார்த்தாள். அதில் வயர் நூல் பிடித்தமாதிரி நேராக இருந்தது. இருக்கட்டும், மின்விசிறி ஏதாவது இருக்கும். படத்தைப் பெரிதாக்கித் தண்ணீர் பாட்டிலைத் தேடினாள். பாதி நிறைந்த பாட்டில். நேராக்கிய படத்தில் தண்ணீரின் மட்டம் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி இருந்தது. பழைய படத்தில் சமமாக இருந்தது.

வயரைக் காற்று ஆட்டும். பாட்டிலுக்குள் இருக்கிற தண்ணீரை எந்தக் காற்று சாய்க்கும்? கேமரா நேராகத்தான் இருந்திருக்கிறது. சாய்ந்தது சுவர்.

அவளுக்கு அந்தக் கருப்புக் கோடு ஞாபகம் வந்தது. தேடி எடுத்துப் பார்த்தாள். இப்போது பார்க்கும்போது அது கோடாகத் தெரியவில்லை. ஒரு சுவர் இன்னொரு சுவரைவிட்டு விலகுகிற வெடிப்பு அது. வெடிப்பை வெட்டச் சொன்னதும் அவள்தான், சுவரை நிமிர்த்தச் சொன்னதும் அவள்தான். அந்த மனுஷனும் சொன்னபடி ஒவ்வொன்றாக அழித்துக் கொடுத்திருக்கிறார்.

அவள் புருஷன் டைல்ஸ் போடுகிறவர். படத்தை அவருக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள்.

"என்ன, இன்னைக்கும் பூனைப் படமா?" என்றார் அவர். அவளுடைய பொழுதுபோக்கை அவர் எப்போதும் இப்படித்தான் விசாரிப்பார்.

"என்னங்க, விளையாடாதீங்க. அந்தச் சுவரைப் பாருங்க."

அந்தப் பக்கம் யாரோ டைல்ஸ் வெட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் யாரையோ "நிறுத்துடா" என்று சொன்னது கேட்டது. பதினோரு வருஷக் குடித்தனத்தில் அவர் கிண்டல் செய்யாமல் இவ்வளவு நேரம் இருந்ததில்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

"எப்ப எடுத்தது இது?"

"மூணு வாரம் ஆச்சு."

"மூணு வாரமா? நடுவுல நாலு நாள் மழை வேற அடிச்சிருக்கு." அவர் குரல் இறங்கியது. "சுவரு உள்பக்கம் வருதும்மா. வெளியே ஏதோ தள்ளுது. மண்ணைக் கிண்ணைக் கொட்டி வெச்சிருப்பாங்க. யாரு இடம் இது? ஆளை வெளியே வரச் சொல்லு. சாயங்காலம் சொல்லலாம்னு இருக்காத, இப்பவே சொல்லு."

யார் இடம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தெரியக் கூடாது என்று விதி போட்டவளே அவள்தானே. குழு இருந்த செயலியில் யாருடைய நம்பரும் தெரியாது, அதனால் இஸ்திரிக்குத் தனியாகச் செய்தி அனுப்பினாள். பதில் இல்லை. அவர் கடை வேலை முடிந்து சாயங்காலம்தான் கைபேசியைத் தொடுவார். குழுவில் போட்டாள்: "இஸ்திரி அண்ணா, நீங்களும் அண்ணியும் உடனே பின்னறையை விட்டு வெளியே வாங்க. சுவர் நிஜமாவே சாய்ஞ்சிருக்கு."

ஒருவர் விதிப்படி மூன்று வரி எழுதினார்: "கண் முதல்ல 'உடனே'ங்கிற வார்த்தைக்குப் போகுது. பின்னணி தெளிவா இல்லை. நானா இருந்தா ஒரு ஆச்சரியக்குறி போட்டிருப்பேன்." இன்னொருவர், அது லென்ஸ் வளைவாக இருக்கும், விலை குறைந்த கைபேசியில் அப்படித்தான் வரும் என்று பாடம் எடுத்தார். இத்தனை வருஷம் இவர்களுக்குப் படத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறாள், ஆபத்து என்றால் நம்பக் கற்றுக்கொடுக்கவில்லை.

பாட்டிலை மட்டும் இரண்டு படத்திலிருந்தும் வெட்டி எடுத்துப் போட்டாள். "தண்ணி மட்டத்தைப் பாருங்க" என்று எழுதினாள். குழு அடங்கியது. பிறகு மூன்று வருஷத்தில் எழுதாத ஒன்றை எழுதினாள்: "விதியை விடுங்க. இவர் கடை எங்கே இருக்குன்னு கண்டுபிடிங்க. இவர் போட்ட எல்லாப் படத்தையும் எடுங்க. மூலைகளைப் பாருங்க."

பார்த்தார்கள். மூலையைப் பார்க்கத்தானே அவள் அவர்களைப் பழக்கியிருந்தாள். ஒருத்தி ஜன்னல் வழியாகத் தெரிந்த தண்ணீர்த் தொட்டியின் பாதியைக் கண்டுபிடித்தாள். இன்னொருவர், வேறு ஒரு படத்தில் கடைக் கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரிந்த பஸ் நம்பரைத் திருப்பிப் படித்தார். இருபத்தாறு. பஸ்ஷெட்டில் ஓய்வில் இருந்த டிரைவரிடமிருந்து பதில் வந்தது: "இருபத்தாறு என்னோட ரூட்டு. தொட்டி தாண்டி வளையறப்ப இடது பக்கம் ஒரு லாண்டரி இருக்கு. தினம் எட்டு தடவை பார்க்கிறேன். அவருதான் இவருன்னு எனக்குத் தெரியாம போச்சே."

கூடத்திலிருந்து அந்த இடம் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை.

தீயணைப்பு நிலையத்துக்கு ஃபோன் செய்தாள். "சுவர் விழுந்துருச்சா?" என்று கேட்டார் அந்த ஆள். "இல்லை, விழப்போகுது." "யாரு சொன்னது?" பாட்டில் சொன்னது என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. "எஞ்சினியர்" என்று புருஷனுக்குப் பதவி உயர்வு கொடுத்தாள். வண்டி அனுப்புகிறோம் என்றார்கள்.

வெள்ளைக் கோட்டைக் கழற்றக்கூடத் தோன்றாமல், கூடத்து முதலாளியின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சாவியைப் போடுவதற்குள் இரண்டு முறை கீழே போட்டாள். ஒரு நாளைக்கு அறுபது நரம்பைத் தடவிப் பிடிக்கிற கை அது. வழியெல்லாம் இரண்டு பயம் அவளுக்கு. ஒன்று, போவதற்குள் விழுந்துவிடுமோ என்று. இன்னொன்று, போய்ப் பார்த்தால் சுவர் கம்பீரமாக நின்று, ஊரே சிரிக்குமோ என்று. சிரிக்கட்டும், சிரிக்கட்டும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினாள். சிக்னலில் பக்கத்தில் நின்றவர் அவளைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளி நின்றார்.

கடையின் முன்பக்கத்தில் ஒல்லியாக ஒருவர் சட்டைகளுக்குச் சீட்டுக் குத்திக்கொண்டிருந்தார்.

"இஸ்திரி அண்ணா! நான்தான் ஊசி. அண்ணி எங்கே?"

அவர் முகம் மலர்ந்த மலர்ச்சியைச் சொல்லி முடியாது. "ஊசியா! நீங்களா! வாங்க, வாங்க. உங்களுக்கு ஒண்ணு காட்டணும்" என்று கையைப் பிடிக்காத குறையாக உள்ளே நடந்தார். அவள் சொல்ல வந்ததைக் கேட்கும் நிலையில் அவர் இல்லை. அவளும் வேறு வழியில்லாமல் பின்னால் போனாள். அந்தம்மா உள்ளேதானே இருக்கிறார்.

பின்னறை படத்தில் இருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. ஆவி, சோப்பு வாசனை. மேஜையருகில் அந்தம்மா விரிப்பு தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு அடி பின்னால் அந்தச் சுவர். அதன் நடுவில், கண்ணாடி போட்ட சட்டத்தில், பெரிதாக அச்சடித்த படம் தொங்கியது. நேராக்கிய படம்.

"வாரத்தோட சிறந்த படம்! போன ஞாயித்துக்கிழமைதான் மாட்டினேன்" என்றார் இஸ்திரி.

சட்டத்தின் மேல்பகுதி ஆணியில் இருந்தது. கீழ்ப்பகுதி சுவரில் ஒட்டவில்லை. இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு விலகி அந்தரத்தில் நின்றது. ஆடாமல் இருக்க, பின்னால் அட்டையை மடித்துச் செருகியிருந்தார். மேஜைமேல் இருந்த வெள்ளைத் துணியில் செங்கல் பொடி மெல்லிசாகப் படிந்திருந்தது. அந்தம்மா புறங்கையால் அதைத் தட்டிவிட்டு மறுபடி தேய்த்தார். தட்டிவிட்ட இடத்தில் இன்னும் கொஞ்சம் விழுந்தது.

ஊசிக்குச் சத்தமாகப் பேசினால்கூட விழுந்துவிடும் என்று தோன்றியது. "அண்ணி," என்றாள் ரகசியம் பேசுவதுபோல, "இஸ்திரிப் பெட்டியை வெச்சுட்டு என்கூட வாங்க. ஒண்ணும் கேக்காதீங்க. வாங்க."

அந்தம்மா எதுவும் கேட்கவில்லை. அதுதான் ஆச்சரியம். பெட்டியை நிமிர்த்தி வைத்தார், பிளக்கைப் பிடுங்கினார், அவள் கையைப் பிடித்துக்கொண்டார். காத்திருந்தவர் மாதிரி நடந்தார். இஸ்திரிதான், "என்னம்மா, என்ன ஆச்சு? ஐம்பது விரிப்பு சாயங்காலத்துக்குள்ள போகணும்" என்று பின்னாலேயே வந்தார். தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போன பிறகு ஊசி சொன்னாள்: "சுவர் விழப்போகுது, அண்ணா. கேமரா சாயலை. நாங்க தப்பா சொல்லிட்டோம்."

அவர் புரியாமல் விழித்தார். பிறகு புரிந்தது. புரிந்த உடனே அந்த மனுஷன் செய்த காரியம், திரும்பிக் கடைக்குள் ஓடியதுதான்.

"எங்கே போறீங்க?"

"படம்! படத்தை எடுத்துட்டு வந்துடறேன்!"

அந்தம்மா "ஐயோ" என்றார். துரத்திப் பிடிக்கிற தூரத்தில் அவர் இல்லை. அந்த ஆணியை அசைத்தால் போதும். ஊசிக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. நடுத்தெருவில் நின்று, தொண்டை கிழியக் கத்தினாள்: "அது நல்ல படமே இல்லைண்ணா! பொய்யான படம்! அதுக்குப் போய்ச் சாகாதீங்க!"

படியில் கால் வைத்தவர் அப்படியே நின்றார். எத்தனையோ பேரை எத்தனையோ முறை குத்தியிருக்கிறாள், இந்தக் குத்து மாதிரி ஒன்று விழுந்ததில்லை. முகம் சுருங்கிப்போய், தோளைத் தொங்கவிட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்திய பிள்ளை மாதிரி திரும்பி நடந்து வந்தார். அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

கால் மணி நேரத்தில், கிளம்பும்போதே அவள் இடம் சொல்லியிருந்த புருஷன் வந்தார், தீயணைப்பு வண்டியும் வந்தது. கடைக்குப் பின்னால் யாரோ வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டி, அந்த மண்ணையெல்லாம் சுவரோடு சேர்த்துத் தோள் உயரத்துக்குக் குவித்திருந்தார்கள். மழையில் ஊறி அது சேறாகக் கனத்திருந்தது. அவள் புருஷன் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ளே ஒருத்தர் கால் வைக்கக் கூடாது" என்றார். முட்டுக் கொடுக்கலாமா என்று தீயணைப்புக்காரர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோதே, நாலேகால் மணிக்கு, சுவர் விழுந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. பெரிய மூட்டையை யாரோ தொப்பென்று இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஜன்னல் வழியாகச் செம்மண் புகை வந்தது. மேஜை இருந்த இடத்தில் மேஜை இல்லை.

இஸ்திரி தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தம்மா உட்காரவில்லை. ஊசியின் பக்கம் திரும்பினார்.

"நீங்கதான் ஊசியா?"

"ஆமா, அண்ணி."

"ஒரு மாசமா சொல்றேன், சுவரு என் மேல வர்ற மாதிரி இருக்குன்னு. இவரு கேக்கலை. அப்புறம் ஒரு நாள் அந்தப் படத்தைக் கொண்டாந்து காட்டினாரு. 'பாரு, சுவரு நேராத்தான் இருக்கு, கேமராதான் சாய்ஞ்சிருந்துச்சு. ஊசியே சொல்லிட்டாங்க, நாப்பது பேரு ஒத்துக்கிட்டாங்க'ன்னாரு." அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. "நாப்பது பேரு படிச்சவங்க சொல்றாங்களே, நமக்குத்தான் புத்தி பிசகிருச்சு போலன்னு நானும் வாயை மூடிக்கிட்டேன். சுவருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னா தெரியாதுல்ல, அப்படியே நின்னு தேய்ச்சேன்."

அந்தம்மா பிடித்திருந்த கையை ஊசி விடாமல் பிடித்துக்கொண்டாள்.

ஊசி வீட்டுக்கு வந்து முகம் கழுவினாள். ஆறு மணிக்கு இஸ்திரி குழுவில் பழைய படத்தைப் போட்டார். திருத்தாத, சுவர் சாய்ந்த படம். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

ஊசி அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த முறை மூலையைப் பார்க்கவில்லை, கோட்டைப் பார்க்கவில்லை. அந்தம்மாவின் முகத்தைப் பார்த்தாள். படத்தை விட்டு எங்கேயோ போகிறது என்று டிரைவர் குறை சொன்ன அந்தப் பார்வை சுவரின் உச்சிக்குப் போயிருந்தது. விரிப்பை மார்போடு பிடித்திருந்த கை மடிப்பதற்காக அப்படிப் பிடிக்கவில்லை. மூன்று வாரமாக நாற்பது பேர் பார்த்த படம் அது.

எழுதினாள்.

"கண் முதல்ல அண்ணி முகத்துக்குப் போகுது, அவங்க பயந்திருக்காங்க. எதைப் பார்த்துப் பயந்தாங்கன்னு நாங்க ஒருத்தர்கூடக் கேக்கலைங்கிறது உறுத்துது. நான் எடுத்திருந்தா, கேமராவைக் கீழே வெச்சுட்டு அவங்களைக் கேட்டிருப்பேன்."

அனுப்பிவிட்டு அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். புருஷன் சாப்பிடக் கூப்பிட்டார், கேட்காத மாதிரி இருந்தாள். மூன்று வருஷம். எத்தனை படத்தை நேராக்கச் சொல்லியிருக்கிறாள், எத்தனை ஓரத்தை வெட்டச் சொல்லியிருக்கிறாள், எத்தனை முகத்தைப் பார்த்து 'இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வேணும்' என்று மட்டும் எழுதியிருக்கிறாள். விதி போட்ட நாளில் வந்த முதல் படத்துக்குப் போனாள். யாரோ போட்ட, சமையலறை வாசலில் குனிந்து நிற்கும் ஒரு பெண்ணின் படம். அதன் கீழே மூன்று வருஷத்துக்கு முன்பு அவள் எழுதியிருந்தது அப்படியே இருந்தது: 'கன்னத்துல இருக்கிற நீலக் கறையை எடுத்துடுங்க.'

அதன் கீழே இப்போது கேட்டாள்: "இந்தப் படத்துல இருக்கிறவங்க நல்லா இருக்காங்களா?"

பதில் வரும்வரை அடுத்த படத்துக்குப் போக அவளுக்குப் பயமாக இருந்தது.